பதினேழு வயதுக்கு என்ன விலை?



இன்றைய உரையின் பொருள், பிரித்தானியாவில் இளம் ஓட்டுநர்களிடம் கேட்கப்படும் கார்க் காப்பீட்டுக் கட்டணம். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைக்குப் பதினேழு வயது நிறைந்து, ஓட்டுநர் தேர்விலும் தேறிய பிறகு, வீட்டார் அனைவரும் கணினியைச் சூழ்ந்து அமர்ந்து திகைக்கும் பொருள் இது. அந்தத் திகைப்புக்குக் காரணம் கட்டணம் அதிகம் என்பது மட்டுமன்று. அந்தக் கட்டணம் எந்த அறிவுக்கும் கட்டுப்படாததுபோல் நடந்துகொள்கிறது என்பதே பெரிய காரணம்.

1,500 பவுண்டுக்கு வாங்கிய பழைய காருக்கு ஓராண்டுக் காப்பீடு ஏறக்குறைய 2,000 பவுண்டு என்றால், அது எப்படி? குறைந்த பாதுகாப்புத் தரும் காப்பீடு, கூடுதல் பாதுகாப்புத் தரும் காப்பீட்டைவிட விலை கூடியிருப்பது எப்படி? தாயின் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்தால், காரை ஓட்டக்கூடியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் கட்டணம் குறைகிறது, அது எப்படி? அதே இளைஞர், அதே கார், அதே தெரு, அதே நாள். ஒரு நிறுவனம் சொல்லும் விலையைப் போல் மும்மடங்கை இன்னொரு நிறுவனம் சொல்கிறதே, அது எப்படி?

இந்தக் கேள்விகளுக்கு அடியில் ஓடும் விடை ஒன்றுதான். காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த இளைஞரைத் தெரியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஆனால் பதினேழு வயதினரின் பானையில் பதம் பார்க்கத்தக்க சோறு இன்னும் வேகவில்லை. எனவே, அவரைப் போன்ற பிறரைப் பார்த்து அவருக்கு விலை சொல்லப்படுகிறது. அவர் கட்டும் பணத்தில் ஒரு பகுதி அவருடைய ஆபத்துக்கான விலை. மற்றொரு பகுதி, அவரைப் பற்றி நிறுவனத்துக்கு உள்ள அறியாமைக்கான விலை. இவற்றுள் முதற்பகுதி நியாயமானது என்பதும், இரண்டாம் பகுதி கேள்வி கேட்கப்படாமலே வசூலாகிவருகிறது என்பதும் இவ்வுரையின் கருத்து.

முதலில் அந்தப் பழைய காருக்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பிரித்தானியாவில் மோட்டார்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கியபோது, அது கட்டாயமாக்கியது காரைக் காக்கும் காப்பீட்டை அன்று. காரால் அடிபடும் மனிதரைக் காக்கும் காப்பீட்டை. இதற்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு என்று பெயர். காப்பீடு செய்துகொள்பவர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு, இவ்விருவருக்கும் தொடர்பே இல்லாமல் சாலையில் நடந்தோ சைக்கிளிலோ இன்னொரு காரிலோ போய்க்கொண்டிருந்து அடிபடுபவர் மூன்றாம் தரப்பு. இன்று நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, அவருடைய உடற்காயத்துக்கோ உயிரிழப்புக்கோ தரவேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. காரின் விலை 1,500 பவுண்டாக இருக்கலாம். அந்தக் கார் மோதி முதுகுத்தண்டு முறிந்த மனிதரின் வாழ்நாள் பராமரிப்பு 1,500 பவுண்டில் முடியுமா?

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் இளம் ஓட்டுநர்கள் ஒரே நிறுவனத்தில் காப்பீடு செய்கிறார்கள் என்று கொள்க. அவர்களில் 150 பேர் ஓராண்டில் சிறுவிபத்துகளில் சிக்கி, ஒவ்வொருவராலும் சராசரியாக 3,000 பவுண்டு செலவு வருகிறது; அது 4,50,000 பவுண்டு. ஒரே ஒருவர் பெருவிபத்து ஒன்றை உண்டாக்குகிறார். அதற்கு 10,00,000 பவுண்டு. மொத்தம் 14,50,000, தலைக்கு 1,450. நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு 290 பவுண்டு சேர்த்தால் 1,740. அதன்மேல், 2017 ஜூன் முதல் 12 விழுக்காடாக உள்ள காப்பீட்டுக் கட்டண வரியைச் சேர்த்தால் ஏறக்குறைய 1,949. இந்தக் கணக்கில் இளைஞரின் காருடைய விலை எங்கேனும் பெரிதாகத் தலைகாட்டியதா? இல்லை. தலைக்கு விழுந்த 1,450 பவுண்டில் 1,000 பவுண்டு, ஆயிரத்தில் ஒருவர் செய்த அந்த ஒரே விபத்துக்காக. மற்ற 999 பேரும் யாரென்றே அறியாத ஒருவருக்காகப் பணம் கட்டியிருக்கிறார்கள். காப்பீடு என்பதே அதுதான். இதில் குறை காண்பதற்கு இடமில்லை.

பெருவிபத்து ஏன் இளையோரிடம் அடிக்கடி நேர்கிறது? 17 முதல் 24 வயது வரையுள்ள ஆண் ஓட்டுநர்கள் கொல்லப்படவோ கடுங்காயமடையவோ உள்ள வாய்ப்பு, 25 வயதும் அதற்கு மேலும் உள்ள ஓட்டுநர்களுக்கு இருப்பதைப்போல் நான்கு மடங்கு என்று பிரித்தானியப் போக்குவரத்துத் துறையின் புள்ளிவிவரம் சொல்கிறது. அனுபவக் குறைவு, இரவு நேரம், நாட்டுப்புறத்து வளைவுச் சாலைகள், இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: காரில் உடன்வரும் நண்பர்கள். அவர்களும் சட்டப்படி மூன்றாம் தரப்பினரே. ஐம்பது வயதுக்காரரின் கார் மரத்தில் மோதினால் பெரும்பாலும் அவர் ஒருவரே அடிபடுகிறார். பதினெட்டு வயதினரின் கார் மோதும்போது நான்கு இருக்கைகளிலும் நான்கு இளம் உயிர்கள் அமர்ந்திருக்கக்கூடும், அவர்களில் ஒருவர் படுக்கையில் விழுந்தாலும் அவருக்கு இன்னும் ஐம்பது ஆண்டுப் பராமரிப்பு தேவைப்படும்.

அந்த ஐம்பது ஆண்டுக்கான பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில், பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. காயமடைந்தவர் இழப்பீட்டை மொத்தமாக இன்றே பெறுகிறார். அதை முதலீடு செய்தால் வருவாய் கிட்டும் என்பதால், அந்த வருவாயின் அளவுக்குத் தொகையை முன்கூட்டியே குறைத்துத் தருகிறார்கள். இதற்குக் கழிவு வீதம் என்று பெயர். அதை நிறுவுவது அரசு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் 2.5 விழுக்காடாக இருந்த இந்த வீதம், 2017 மார்ச்சில் சுழியத்துக்கும் கீழே, −0.75 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு பராமரிப்பு, ஐம்பது ஆண்டுக்கு: பழைய வீதத்தில் ஏறக்குறைய 28 லட்சம் பவுண்டு, புதிய வீதத்தில் ஏறக்குறைய 61 லட்சம். சாலை அதே சாலை, ஓட்டுநர் அதே ஓட்டுநர், காயம் அதே காயம். எண் ஒன்று மாறியதும் செலவு இருமடங்கைத் தாண்டுகிறது. பின்னர் 2019இல் அது −0.25 ஆகவும், 2025 ஜனவரியில் 0.5 ஆகவும் திருத்தப்பட்டது. காயமடைந்தவருக்கு முழு இழப்பீடு சேரவேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், எந்தத் தவறும் செய்யாத ஓர் இளைஞரின் கட்டணம் ஏன் உயர்ந்தது என்று அவருடைய தந்தை கேட்டால், இந்தக் கழிவு வீதத்தைப் பற்றி அவருக்கு ஒரு சொல்லாவது சொல்லப்படுகிறதா?

இனி, குறைந்த பாதுகாப்புக்குக் கூடுதல் விலை என்னும் புதிருக்கு வருவோம். மூன்றாம் தரப்புக் காப்பீடு பிறருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஏற்கிறது. முழுமைக் காப்பீடு அதோடு சொந்தக் காரின் சேதத்தையும் ஏற்கிறது. முன்னது மலிவாக இருக்கவேண்டும் என்பதே எவருக்கும் தோன்றுவது. பல காலம் அப்படித்தான் இருந்தது. அப்படி மலிவாக இருந்ததால்தான், பணமுடையுள்ள இளையோரும், விலை குறைந்த கார் வைத்திருப்போரும், சட்டம் கேட்கும் சீட்டு ஒன்று கையிலிருந்தால் போதும் என்று நினைப்போரும் அதில் வந்து குவிந்தார்கள். நிறுவனங்கள் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அந்தக் கூட்டத்தார் உண்டாக்கிய விபத்துகள் அதிகமாக இருந்தன. எனவே அவர்களுடைய கட்டணம் உயர்ந்தது. கட்டணம் உயர்ந்ததும், விவரம் தெரிந்தவர்களும் கவனமுள்ளவர்களும் முழுமைக் காப்பீட்டுக்கு மாறினார்கள். எஞ்சியவர்களின் சராசரி மேலும் கெட்டது. கட்டணம் மேலும் உயர்ந்தது. பலவகைக் காப்பீடுகளில் எதை ஒருவர் தாமாகத் தேர்கிறார் என்பதே அவரைப் பற்றிய சாட்சியாகிவிடும் இந்நிலையைத் தற்தேர்வு எனலாம். விற்கப்படும் பண்டத்தைவிட, அதை வாங்க வருபவர் யார் என்பதே இங்கு விலையை முடிவு செய்கிறது. அரிசிக் கடையிலோ துணிக்கடையிலோ காணமுடியாத வியப்பு இது. இதை உணராமல் காப்பீட்டு விலையை உணரவே முடியாது.

இதை உணர்ந்தால் மற்றப் புதிர்கள் எளிதில் அவிழ்கின்றன. நீண்டகாலமாக விபத்தில்லாமல் ஓட்டிவரும் தாயின் பெயர் சேரும்போது, கார் ஓடும் தொலைவில் ஒரு பங்கு அவருடைய கைகளுக்குப் போகிறது என்று கணக்கு கொள்கிறது. பெற்றோர் பொறுப்பெடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் சராசரியாகக் குறைவான விபத்துகளை உண்டாக்கினால், அதுவும் விலையில் ஏறிவிடுகிறது. காப்பீட்டைத் தொடக்க நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாக வாங்குபவருக்குக் கட்டணம் குறைவாகவும், அன்றைக்கே அவசரமாக வாங்குபவருக்கு அதிகமாகவும் இருப்பதற்கும் காரணம் இந்தத் தற்தேர்வே. இரு நிறுவனங்களின் விலைகள் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுவதற்கோ வேறொரு காரணமும் உண்டு: இளையோரே வேண்டாம் என்று முடிவுசெய்த நிறுவனம் பல நேரங்களில் வாய்திறந்து மறுப்பதில்லை, எவரும் வாங்கமாட்டாத விலையைச் சொல்லிவிடுகிறது.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை கட்டாயம் சொல்லப்படவேண்டும். தாயோ தந்தையோ உண்மையிலேயே அவ்வப்போது ஓட்டும் காரில் அவர்கள் பெயரைச் சேர்ப்பது முறையானது. ஆனால் நாள்தோறும் பிள்ளை ஓட்டும் காரைத் தந்தையே முதன்மையாக ஓட்டுவதாக எழுதிக் கொடுப்பது மோசடி. விபத்து நேர்ந்த மறுநாள், கல்லூரி வாகன நிறுத்துமிடத்தின் அனுமதிச் சீட்டையும் பிள்ளையின் வேலை நேரத்தையும் வைத்தே உண்மை வெளிப்பட்டுவிடும். காப்பீடு செல்லாததாக்கப்படலாம், மூன்றாம் தரப்புக்குத் தந்த தொகையை நிறுவனம் அக்குடும்பத்திடமே திரும்பக் கேட்கலாம், காப்பீடு ரத்தான செய்தியை இனிமேல் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சொல்லவேண்டியும் வரும். சில நூறு பவுண்டை மிச்சப்படுத்தப் போய் வீட்டையே அடகு வைக்கும் செயல் இது.

அடுத்து எழும் கேள்வி மிகக் கூர்மையானது. குழுவின் சராசரியைக் கொண்டு தனிமனிதருக்கு விலை சொல்லலாம் என்றால், எந்தக் குழு? பல ஆண்டுகளாக இளம்பெண்கள் இளைஞர்களைவிட மிகக் குறைவாகக் கட்டிவந்தார்கள். அவர்களுடைய விபத்துகள் குறைவு என்பதே காரணம். பெல்ஜியத்தின் நுகர்வோர் அமைப்பான டெஸ்ட் ஆஷா தொடர்ந்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச் 1 அன்று, பாலினத்தைக் கொண்டு காப்பீட்டு விலையை வேறுபடுத்துவது சமத்துவத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு 2012 டிசம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஆணும் பெண்ணும் ஒரே விலை கட்டினார்களா? விண்ணப்பத்தில் மற்றெல்லா விடையும் ஒன்றானால் விலையும் ஒன்றாயிற்று. ஆனால் சராசரியில் ஆண்கள் கட்டுவது பின்னும் அதிகமாகவே இருந்தது. ஏனெனில், ஓட்டும் காரின் வகை, ஓடும் தொலைவு, செய்யும் தொழில், உரிமத்தில் ஏறிய பழைய குற்றப்புள்ளிகள் ஆகியவற்றில் ஆண்களும் பெண்களும் வேறுபடுகிறார்கள். கேட்கக்கூடாத கேள்வியின் விடை, கேட்கக்கூடிய கேள்விகளின் வழியாக வந்து சேர்கிறது. இத்தகைய மறைமுகக் குறிகளைப் பதிலிக் குறிகள் எனலாம்.

பதிலிக் குறிகளுள் மிக வலியது அஞ்சல் குறியீடு. ஒரு வட்டாரத்தில் நெரிசலும் திருட்டும் மோதலும் மிகுந்தால் அங்கு வாழும் அனைவருக்கும் விலை ஏறுகிறது. அந்த இளைஞர் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் சரி. பிரித்தானியாவின் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளையரல்லாதோர் பெருவாரியாக வாழும் பகுதிகளில் கார்க் காப்பீட்டு விலை கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இனத்தை விலைக் கணக்கில் தாங்கள் சேர்ப்பதில்லை என்பது காப்பீட்டுத் துறையின் விடை. அது உண்மையாகவே இருக்கட்டும். சேர்க்காமலே அதே விளைவு வருகிறதென்றால், அந்தக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்வதற்கு அங்கு வாழும் மக்களுக்கு உரிமை இல்லையா? ஈஸ்ட் ஹாமில் பிறந்தது ஒரு பதினேழு வயதினரின் குற்றமா? வாடகை குறைந்த தெருவில் குடியிருப்பது ஓட்டுநர் குற்றமா?

வேறு வழியே கிடையாதா என்று கேட்போர், இங்குள்ளோரில் சிலர் புறப்பட்டு வந்த நாட்டைத் திரும்பிப் பார்க்கலாம். இந்தியாவில் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1,000 சிசிக்கு உட்பட்ட தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். ஓட்டுபவருக்குப் பதினெட்டு வயதா, ஐம்பத்தெட்டு வயதா என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. அது எஞ்சினின் கொள்ளளவைத்தான் கேட்கிறது. இதில் இளையோருக்குத் திகைப்பு இல்லை. ஆனால், நிதானமாக ஓட்டும் முதியவர், வேகமாக ஓட்டும் இளைஞருக்கும் சேர்த்துச் சத்தமில்லாமல் கட்டுகிறார். நிதானமாக ஓட்டுவதற்கு எவருக்கும் அந்தக் கட்டணத்தில் பரிசும் இல்லை. ஆகவே, அந்த முறையை அப்படியே இங்குக் கொண்டுவருவது விடையாகாது.

இளையோர்க்கு இன்று பரவலாக முன்வைக்கப்படும் விடை கறுப்புப் பெட்டி. காரில் பொருத்தப்படும் சிறு கருவியோ கைபேசிச் செயலியோ வேகத்தையும், பிரேக் மிதிக்கும் விதத்தையும், வளைவில் திரும்பும் விதத்தையும், ஓட்டும் நேரத்தையும் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. ஓராண்டு விபத்தில்லாமல் ஓட்டினார் என்பது ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. மேலே போட்ட கணக்கில் விபத்தில்லாமல் ஆண்டை முடித்த சுமார் 850 பேரில் கவனமுள்ளவரும் உண்டு, நல்லகாலத்தால் தப்பியவரும் உண்டு. கருவியோ அவர்களைப் பிரித்தறிய உதவுகிறது. அறியாமைக்கான விலையைக் குறைக்கும் கருவி என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் இதிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. பின்னிரவில் ஓட்டினால் மதிப்பெண் குறையும் என்கிறது கருவி. விருந்திலிருந்து திரும்பும் இளைஞரும், பெட்ரோல் நிலையத்தில் இரவுப் பணி முடித்து, ஒரு மணிக்கு ஆளற்ற சாலையில் முப்பது மைல் வேகத்தில் வீடு திரும்பும் இளைஞரும் அதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறார்கள். படிப்புச் செலவுக்காக உழைப்பவருக்கு அந்த உழைப்பின் நேரமே தண்டமாகிறது.

கட்டணம் தாங்காமல் காப்பீடே இல்லாமல் ஓட்டத் துணிவோரும் உண்டு. அகப்பட்டால் 300 பவுண்டு அபராதமும் ஆறு குற்றப்புள்ளிகளும் விதிக்கப்படலாம். 1995ஆம் ஆண்டின் புதிய ஓட்டுநர் சட்டப்படி, தேறிய இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் உரிமம் பறிபோகும். மறுபடியும் கற்பவராகத் தொடங்கவேண்டும். அப்படிப்பட்டவரால் அடிபட்டோருக்கு, 1946இல் நிறுவப்பட்ட மோட்டார்க் காப்பீட்டாளர் கழகம் இழப்பீடு தருகிறது. அந்தப் பணமோ ஒழுங்காகக் காப்பீடு செய்தோரின் கட்டணத்திலிருந்தே போகிறது. எட்டாத விலை சொல்லப்படும்போது அதன் சுமை மீண்டும் விலைக்குள்ளேயே வந்து விழுகிறது.

ஆகவே, என்ன கேட்பது? விலைக்கு வரம்பு கேட்பதைவிட விலைக்குக் காரணம் கேட்பதே பயன் தரும். இது நடக்கக்கூடியதா என்றால், நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் மக்கள் 1988இல் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, கார்க் காப்பீட்டு விலையில் ஓட்டுநரின் சாலை ஒழுக்கம், ஓட்டும் தொலைவு, ஓட்டிய ஆண்டுகள் என்னும் மூன்றுக்கும் அந்த வரிசையிலேயே முதன்மை தரவேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. பிரித்தானியாவிலும், பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் கேட்கும் வழக்கத்தை, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் 2022 ஜனவரியில் விதி போட்டு நிறுத்தியது. அதே ஆணையம் இன்னொரு விதியும் போடலாம். இளைஞருக்கு அனுப்பப்படும் விலைச்சீட்டில், அவருடைய வயதுக்கு எவ்வளவு, தெருவுக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு, ஓட்டும் தொலைவுக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என்று தனித்தனி வரியாக அச்சிடச் சொல்லலாம். கறுப்புப் பெட்டி குறைத்த மதிப்பெண்ணுக்குக் காரணம் கேட்டு, பணி நேரச் சான்றுடன் முறையிட ஒரு முகவரி வைக்கச் சொல்லலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். இந்த அவையில் பதினேழு வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் அனைத்தும் எழுதினாலே, பதில் சொல்லாமல் இருப்பது அந்த உறுப்பினர்களுக்குக் கடினமாகும்.